முதலில் திரும்பிய ருசி

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். ரசம் பட்டால் எரிந்தது. கோவில்பட்டியில் நான் பார்த்த மருத்துவர், சத்துக்குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். தீரத் தீர வாங்கி விழுங்கினேன். மதுரையில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. உங்கள் வாயில் ஆறாத புண் இருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள். பிறகு கதிர்வீச்சு. எச்சில் வற்றிப்போனது. சோறு, கருவாடு, கருப்பட்டி எல்லாம் ஈரமண் போலிருந்தன. மூக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டில் மீன் கொதிப்பது தெரியும்; என் வாயில் ஒன்றும் தெரியாது.

கணவரின் தங்கை ஜெயா, கொடைக்கானலிலிருந்து ரோஸ்மேரி என்ற வாசனைச் செடி ஒன்று கொண்டுவந்தாள்.

"மதினி, இந்த நோய்க்கு முடி கொட்டுமாம்லா. இதக் கொதிக்க வச்சுத் தலையில தெளிங்க."

எனக்கு முடி கொட்டவில்லை. அதைச் சொல்ல முயன்றேன். வார்த்தை குழறியது. புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

செடியைக் கொல்லைக் கரிசலில் நட்டோம். ஐப்பசி மழையில் மண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டதால் வேர் அழுகத் தொடங்கியது. கணவர் அதைப் பிடுங்கி, மணல் கலந்த தொட்டியில் வைத்து மாடிக்கு ஏற்றினார். பிழைத்தது. ஜெயா வரும்போதெல்லாம் தன் தலைக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனாள்.

மதுரை மருத்துவரிடம் கேட்டேன். "ருசி திரும்புமா?"

"கொஞ்சம் வரும்மா. பழையபடி முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

ரோஸ்மேரி சமையலுக்கும் ஆகும் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் கணவர் அதை எண்ணெயில் பொரித்தார். ஊசி போன்ற இலைகளை என் வாய் தாங்காது என்று வடித்தெடுத்தார். அந்த எண்ணெயை ஊற்றி உருளைக்கிழங்கை மசித்துத் தந்தார்.

"ஏட்டி, ஏதாவது தெரியுதா?"

"கசக்குது."

"கசக்குதா? அப்போ ருசி வந்துட்டுல்லா." அவர் கண் கலங்கியது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உலகத்தில் இத்தனை ருசி இருக்க, இதுதானா முதலில் வர வேண்டும்? தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் மீதியைச் சாப்பிட்டார்.

பிறகு புளிப்பு லேசாக வந்தது. இனிப்பு இன்னும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இப்போது என் நேரம் மற்றவர்களின் நேரம் அல்ல. ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் பாயசத்துக்கு வந்திருப்பார்கள். நான் முதல் சோற்றில் இருப்பேன். அடுத்த பந்திக்காரர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். சிகிச்சை முடிந்த புதிதில் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது எழுவதில்லை. நிற்கட்டும்.