மூன்று புள்ளியும் ஒரு மீனும்

சோமசேகரம் செய்த தகரப் பெட்டி ஒழுகுகிறது என்று உட்துறைமுக வீதியில் யாராவது சொன்னால், சொன்னவரின் வாயில்தான் ஓட்டை என்பார்கள். அப்படி ஒரு பேர். மனிதருக்கும் அது தெரியும்; கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்! வேலை முடிந்ததும் விளிம்பில் மூன்று புள்ளி குத்திவிட்டுத்தான் பொருளைக் கொடுப்பார். எதிர்த் தகரக் கடை ஜமால்தீன் தன் பொருளில் ஒரு சின்ன மீனைக் குத்துவார். இருவரும் தேத்தண்ணி ஒன்றாகக் குடிப்பார்கள். ஆனால் ஓர் ஆணிகூட இரவல் கேட்டதில்லை.

ஆயுத பூசை. கத்திரி, மரச்சுத்தியல், பட்டடை எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகச் சாமிப் படத்தின் முன்னால் கொலுவிருந்தன. அந்த நேரம் பார்த்துச் சல்லிக் கிராமத்திலிருந்து சுலோஜனா ஆட்டோவில் வந்து இறங்கினாள். விடிந்தால் விசயதசமி, அவளுடைய இடியப்பக் கடை திறப்பு. சோமசேகரம் செய்து கொடுத்த அவிக்கும் பெட்டி கைதவறி விழுந்து, அடி மூலை கிழிந்துவிட்டது.

“விடியவே சனம் வந்திடும் அண்ணை. நான் என்னத்தில அவிப்பன்?” அழுதுவிடுவாள் போலிருந்தது.

“படைச்சதை நாளைக்குப் பூசை முடியுமட்டும் தொட ஏலாது!” உள்ளேயிருந்து மனைவி குணேஸ்வரி முந்திக்கொண்டாள்.

சோமசேகரம் பெட்டியைப் பார்த்தார். மேலே தன் மூன்று புள்ளி, கீழே கிழிசல். பொறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தார்.

“ஜமால்தீன் நானா, உங்கட கத்திரியை ஒருக்காத் தாங்கோ.”

ஜமால்தீன் எடுத்து நீட்டினார். சோமசேகரம் ஒட்டுத் தகரத்தை வெட்டினார், கோணலாகப் போனது. இன்னொன்று வெட்டினார், அதுவும் கோணல்.

“என்ன கோதாரிக் கத்திரி இது? கீறின கோடே தெரியுதில்லை!”

ஜமால்தீன் விழுந்து விழுந்து சிரித்தார். “தம்பி, அது இடக்கைக் கத்திரி. நான் இடக்கைக்காரன் எண்டு இவ்வளவு காலமும் பாக்கல்லியா?”

எங்கே பார்ப்பது! தன் வேலையையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவருக்கு எதிர்க்கடைக்காரரின் கையைப் பார்க்க நேரமேது?

ஜமால்தீன் வெட்டினார். பிசிறே இல்லை. சோமசேகரம் அதை மூலைக்கு வளைத்துத் தட்டி, ஈயம் ஒட்டினார். பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் காய்ந்த துணியை விரித்துக் காத்திருந்தார்கள். துணி நனையவில்லை. பொறாமை வரவேண்டிய இடத்தில் சோமசேகரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியொரு கைக்காரனுக்கு எதிரிலா நான் இத்தனை வருசம் கடை வைத்து நின்றுபிடித்தேன்!

தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுலோஜனா பெட்டியைத் தூக்கப் போனாள்.

“பொறு பிள்ளை, குறி குத்தேல்லை.” சோமசேகரம் தடுத்தார்.

“உங்கட புள்ளி இருக்குத்தானே அண்ணை?”

அவர் ஜமால்தீனின் மீன் உளியை எடுத்து, தன் மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஜமால்தீன் கிட்ட வந்து அந்த மீனை விரலால் தடவிப் பார்த்தார்.

“இனி இது ஒழுகினால், ரெண்டு கடையிலயும் வந்து சண்டை பிடி” என்றார் சோமசேகரம்.