கருவண்டுக்கு ஒரு கைமரம்

அனலைதீவில் கோசலா ரீச்சரின் நாக்குப் படாத கிணறு இல்லை. வாளியை இறக்குவார், ஒரு கை அள்ளி வாயில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். விஞ்ஞான ரீச்சருக்குச் சாமி வந்துவிட்டது என்று சனம் சிரித்தது.

அவர் தேடியது கருவண்டுகளுக்கு இடம். முருங்கைப் பூவில் விழுந்தெழும்பி முனகித் திரியும் அந்தத் தடித்த வண்டுகள் மேல் அவருக்குத் தீராத ஆசை. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாய் உவர்க்கின்றன. தன் காலத்துக்குப் பிறகு தீவின் எந்தப் பக்கத்தில் இவற்றுக்குப் பூவும் நிழலும் மிஞ்சும்? பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் தீவின் படத்தை விரித்து, உப்பேறக்கூடிய இடங்களை வெறுமையாக விட்டு, மிச்சத்துக்குப் பச்சை தீட்டினார். தீட்டும்போதே அந்தப் பச்சைக்குள் பூ உதிரும், ரீங்காரம் கேட்கும். பல நாள் தேநீர் ஆறிப்போனது. கடைசியில் தீவின் நடுவே, குளத்துக்குப் பின்னால், எருக்கலைச் செடி மண்டிக் கிடந்த ரீச்சர் குடும்பத்துக் காணி மட்டும் பச்சையாக மிஞ்சியது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சமாதானம் வந்து ஊர் திரும்பியபோது, கரையோரத்திலிருந்த அவர்கள் வீட்டின் கூரையில் பாதி ஓடு இல்லை. ஓட்டைத் தாங்கிய கைமரமெல்லாம் வண்டுத் துளை. ஆட்கள் ஓடிய வீட்டில் வண்டுகள் குடியிருந்தன. கனடாவிலிருந்த தம்பி லவன், புது வீடு கட்டவென்று, கூரையை மாரிக்கு முன் இறக்கச் சொல்லிவிட்டான். அதற்குள் வண்டுகள் எருக்கலைக் காணிக்கு மாறாவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

தச்சர் பரராசசிங்கத்திடம் நல்ல பனங்கைமரமாகக் கேட்டு வாங்கி, வண்டுகள் துளைத்துக் குடியேறட்டும் என்று காணியில் நட்டார். வண்டுகள் வந்தன, எருக்கலையில் தேன் குடித்தன, பழைய கூரைக்கே திரும்பிப் போயின. நட்ட மரத்தை ஒன்றும் தீண்டவில்லை. படமே பிழையென்று ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அலுப்பில் அந்த மரத்தில் சாய்ந்தவர், என்ன நினைத்தாரோ, நக்கிப் பார்த்தார். உப்பு!

"தீவு முழுக்கக் கிணத்தை ருசி பாத்தனான், மரத்தைப் பாக்கேல்லையே!"

"நல்ல மரம் எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள், ரீச்சர்," என்றார் பரராசசிங்கம். "கடலிலை ஊறப்போடாதது நல்ல மரமோ? ஊறப்போட்டால்தானே வண்டு தொடாது."

வீட்டுக் கைமரங்களும் ஒரு காலத்தில் கடலில் ஊறியவைதான். ஓடு விழுந்த பிறகு மழை வருடக்கணக்காகப் பெய்து உப்பைக் கழுவியிருந்தது.

கூரை இறங்கிய அன்று, துளை விழுந்த கைமரங்களை ரீச்சர் விறகுக்கு விடவில்லை. நல்லவற்றைப் புது வீட்டுக்கும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றி எருக்கலைக் காணியில் நடுவித்தார்.

"அப்பா ஏத்தின மரமெல்லே! உங்களுக்கென்ன விசரே, அக்கா?" என்று லவன் தொலைபேசியில் கத்தினான்.

"ஓம், விசர்தான்."

அதன்பின் பின்னேரமெல்லாம் அங்கேயே கிடந்தார். ஒரு நாள், வெயில் சாயும் நேரம், ஒரு கருவண்டு வந்தது. மரத்தைச் சுற்றியது, துளை வாசலில் தயங்கியது, உள்ளே போனது. இருட்டிய பிறகும் வெளியே வரவேயில்லை.

ரீச்சர் மணலில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். ஊர் ஊராய் இடம்பெயர்ந்து கண்டவர் வீட்டு விறாந்தையில் படுத்த காலத்தில், அவருக்கென்று யாரும் இப்படி ஒரு இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கவில்லை.