நாலு மணிக்கு ஒரு சத்தம் கேட்கும்

"இவ்வளவு காலம் போயிட்டுது, இனியாவது மறந்துவிடும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மறதி என்ன, கடையில் நிறுத்து வாங்குகிற சாமானா? நான் செய்த விமானத்தைப் பற்றி யாராவது கதையை எடுத்தால் இப்போதும் என் குரல் உயர்ந்துவிடும். வீட்டில் எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். முள்ளியவளைக்கு அப்பால், வயலும் குளமுமாக இருந்த ஒரு குடியேற்றத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, ஆனால் சண்டையால் பாதை பூட்டிவிட்டது, போக வழியில்லை. இருபத்தொரு வயதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் எரிந்து விழுகிறவனாக இருந்தேன். பாதை பூட்டுவதற்கு முந்தி, கப்பலில் வேலை பார்த்த மாமா எனக்கென்று ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். ரிமோட்டில் பறக்கும் விமானம், துண்டு துண்டாக. மெல்லிய மரச் சட்டங்கள், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு எஞ்சின், ரிமோட், இரண்டு தகரப் பேணியில் எரிபொருள், ஒரு புத்தகம்.

வேறு வேலை இல்லாததால் கட்டத் தொடங்கினேன். பெட்டியோடு வந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. மரவேலை செய்கிற ஒருவரிடம் கெஞ்சி வேறு பசை வாங்கினேன். இறக்கைக்கு ஒட்டும் தாளை எலி தின்றுவிட்டது, பட்டம் கட்டுகிற தாளை ஒட்டினேன். இறக்கையை உடம்போடு கட்டச் சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டினேன். பற்றரிதான் உயிரை எடுத்தது. பற்றரி அரசாங்கம் தடைசெய்த சாமான், ஒரு டோர்ச்சுக்கே கிடைக்காது. பெட்டியில் திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய பற்றரிகள் இருந்தன, ஆனால் ஏற்ற மின்சாரம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, கையால் பெடலைச் சுற்றினேன். நாலு நாள். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. சோறு போடும்போது அம்மா, "உந்தப் பெடலைச் சுத்தின நேரத்துக்குக் கொழும்புக்கே போயிருக்கலாம்" என்றார்.

புத்தகத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு தனிப் பகுதி இருந்தது. அதை நான் பாடமாக்கிவிட்டேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு கொஞ்சம் தாழ வேண்டும். ரிமோட்டின் ஏரியலை மடித்துவைத்துக்கொண்டு தூரப்போய், வால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மா கோழியைப் பிடிக்கிற மாதிரி விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் வரப்பில் பின்பக்கமாக நடந்தேன். "ஆடுதோ?" "ஓம், ஆடுது. கெதியாய் வா, அடுப்பில உலை கிடக்குது." எஞ்சின் இல்லாமல் குளக்கட்டிலிருந்து நூறு தடவையாவது எறிந்து இறக்கப் பழகினேன். கடைசி விதி: பார்க்க வருகிறவர்கள் கிட்ட வரக்கூடாது, தூரத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்கு எங்களைத் தெரியாது. எங்கள் ஊரில் வானத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் கிடையாது. குண்டு போட வருகிறான் என்று, சட்டியைப் போட்டது போட்டபடி வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் பாய்வோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவில் ஒரு அக்கா இருந்தார். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். முந்திய வருடம் அப்படிப் பாயும்போது பங்கர்ப் படியில் விழுந்ததில், ஆறு மாதத்துப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடி ஏழு மாதம். ஒரு நுளம்பு காதடியில் இரைந்தாலும் அவர் பங்கர்ப் படிப் பக்கம் போய்விடுவார். என் விளையாட்டுச் சாமானுக்குப் பயந்து அவர் இன்னொரு தரம் விழுந்தால் நான் மனிசனே இல்லை. இந்த ஒரு பயம்தான் என் நெஞ்சில் கிடந்தது.

எங்கள் பகுதியை அப்போது வைத்திருந்த இயக்கத்தாரிடம் போய் அனுமதி கேட்டேன். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒருநாள் நீர் பறக்க விடும். அடுத்தநாள் எங்கடை ஆள் வரும், அவரிட்டைத் தந்திட வேணும்" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் பழகியிருந்தோம்.

பிறகு வீடு வீடாகப் போனேன். செத்த வீடு சொல்லப் போகிற மாதிரி, ஒரு படலையும் விடாமல். "நாளைக்கு நாலு மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். என்ரை விளையாட்டு விமானம். ஒருத்தரும் ஓடாதேங்கோ. வயலுக்கு வரவும் வேண்டாம், கிட்ட வந்தால் ஆபத்து. உங்கடை வளவிலையே நிண்டு பாருங்கோ." மூன்றாவது வளவு அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நெசமாவே ஓட வேணாமா தம்பி?" என்று கேட்டார். "என்னை நம்புங்கோ அக்கா" என்றேன். அந்த நாக்கை என்ன செய்யலாம்?

அறுவடை முடிந்த வயல், காற்றும் இல்லை. சரியாக நாலு மணிக்கு எஞ்சின் பிடித்தது. கையால் எறிந்தேன். போனது பாருங்கள்! வடலிப் பனைக் கூட்டத்துக்கு மேலால் எழும்பி, நான் சொன்ன பக்கம் திரும்பி, வெயிலில் மினுங்கிக்கொண்டு சுற்றியது. வளவுகளிலிருந்து விசில் சத்தம். கிழவர்கள்கூடக் கத்தினார்கள். நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான். எரிபொருள் முடிந்து, அறுத்த நெல்லின் அடிக்கட்டைகளுக்கு நடுவில் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கியது. வேலிகளுக்குப் பின்னாலிருந்து, "இன்னொருக்கா! இன்னொருக்கா விடு!" என்று கத்தினார்கள். "பத்து நிமிசம்!" என்று நானும் கத்திவிட்டு, குந்தியிருந்து எரிபொருள் விட்டேன்.

அப்போது மேற்கிலிருந்து இரைச்சல் வந்தது. என் விமானம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது எனக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியாது. கிட்ட வராதேங்கோ என்று நான்தானே எல்லோரையும் வடலிக்கு அங்கால் நிறுத்தி வைத்திருந்தேன். நான் எழும்பி, தொண்டை கிழியக் கத்தினேன். "பிளேன்! பிளேன்! ஓடுங்கோ!" பதிலுக்கு விசிலடித்தார்கள். கைகளை விரித்துக்கொண்டு வளவுகளை நோக்கி ஓடினேன். வாய்க்காலைத் தாண்டுவதற்குள் இரண்டு குண்டு விழுந்தது.

விளையாட்டுச் சாமானுக்கு அத்தனை விதி எழுதினார்கள். உண்மையான விமானத்தில் வந்தவனுக்கு ஒரு விதியும் இல்லை. கீழே சனம் நின்று வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, அவன் பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போகிறான்.

செத்தவர் இல்லை என்று ஊர் ஆறுதல் பட்டது. அது எப்படிச் சரியாகும்? அக்காவின் இடுப்பில் இரும்புத் துண்டு ஏறியிருந்தது. அவரை மாட்டு வண்டிலில் போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரைக் காப்பாற்றினார்கள், பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்தநாள் சொன்னபடியே விமானத்தை எடுத்துப்போக ஆள் வந்தது. "நல்லாப் பறந்ததாமே" என்று ஒருவர் என் தோளில் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பெட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு வாரமாக எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கத்தினேன்தானே. ஓடச் சொல்லிக் கத்தினேன், அவர்கள் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதையே சண்டைபோடுகிற மாதிரிச் சொன்னேன். அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டுதான் ஆசுப்பத்திரிக்கும் போனேன். அக்கா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"நான் கத்தினனான் அக்கா. ஓடச் சொல்லிக் கத்தினனான்" என்றேன். குரலில் கோபம்தான் இருந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"கேட்டுச்சு தம்பி. நீங்க என்ன கத்துனீங்கன்னு வெளங்கல, கத்துனது மட்டும் கேட்டுச்சு. மொத வாட்டி பயத்துல பங்கர்ப் படியிலயே உக்காந்துக்கிட்டேன், சரியாப் பாக்கல. நீங்க கத்தவும், சரி, மறுபடி விடப் போறீங்கன்னுதான் வாசலுக்கு வந்தேன்."

என்னைக் குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் கத்தாமல் இருந்திருந்தால் அவர் படியிலேயே இருந்திருப்பார்.