அவள் தாயின் குடி

பஞ்சில் நனைந்த ஸ்பிரிட் வாசனை எங்கே வந்தாலும் என் வாய் கசக்கிறது. ஊசிக்குப் பயந்தவனல்ல. அந்த வாசனைக்குள் நின்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பொய்யென்று யாரும் பிடிக்கமுடியாத பொய். அதுதான் இன்னும் கேவலம்.

அக்காவுக்கு முடக்குவாதம். மாதாமாதம் அவளை டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நான். போன வருடம் அங்கே ஒரு பெண் டொக்டர், நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களிடம் இரத்தம் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மூட்டு வீங்குமுன்பே சிலரது இரத்தத்தில் அறிகுறி தெரியுமாம். முந்திப் பிடித்தால் விரல்களைக் காப்பாற்ற வழியிருக்குமாம்.

"இவன்ட மகளுக்கும் விடியக்க விரல் மடங்குதில்ல டொக்டர்," என்றாள் அக்கா. "பற்பசை மூடியத் திறக்க என்னட்ட வாறாள். என்ட கையப் பார்த்துமா புள்ள கேக்காய் எண்டு ஏசினன்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அவள் தாய்ட குடி, டொக்டர். எங்கட ஆக்கள்ட வருத்தம் அவளுக்கு வராது."

எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழிதான். கோயில் முறையும் கலியாணமும் அப்படித்தான் பார்ப்பார்கள். நோயும் அந்த வழியில்தான் போகும் என்று அக்கா நம்பினாள். "ஓம், அதுவும் சரிதான்," என்று தலையாட்டினாள். நான் நம்பவில்லை. அந்த ஞாயிறு பழுகாமத்திலிருந்து மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள். அவ்வளவுதான்.

"தகப்பன் பக்கத்தாலயும் வரலாம். கூட்டிக்கொண்டு வாங்க," என்றார் டொக்டர்.

கூட்டிப்போகவில்லை.

வந்தவர்களுக்குத் தேநீர்த் தட்டை மகள் விரல்களால் பிடிக்காமல் முன்கைகளில் ஏந்திவந்தாள். என்ன பணிவு என்று மெச்சினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கலியாணம் பேசி முடிந்தது. நாலு மாதத்தில் அவள் மணிக்கட்டு வீங்கியது. என்னிடம் சொல்லவில்லை, மாமியான என் அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த கிளினிக்குக்கு நீ வரவேண்டாம் என்று அக்கா சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கிளினிக் நாளன்று காலை கிரான் பஸ் நிறுத்தத்தில் அவளோடு மகளும் நிற்கக் கண்டு ஓடினேன்.

"மாப்பிள்ள வீட்டாருக்குத் தெரிஞ்சா..."

"நேற்றே போன் எடுத்துச் சொல்லிட்டன் அப்பா."

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"நீ யோசிச்சது போதும்டா தம்பி, தள்ளு," என்று அக்கா பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

பஸ் நின்றது. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கைய விடுங்க அப்பா, நோகுது."