நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சுழி

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். இருபத்தேழு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். கால் புள்ளி நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அச்சகம் அண்ணனுடையது.

அன்று மேஜைமேல் ஒரு பழைய நாவலின் ஐந்தாம் பதிப்புக்கான திருத்தத் தாள்கள். பத்தொன்பது வயதில், அண்ணன் அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திய வாரத்தில், அழுதுகொண்டே படித்த நாவல். அதில் நாயகியை வீட்டோடு கிடக்கச் சொல்கிறார் அப்பா. ‘அவர் சொன்னதை அவள் மறுக்கவில்லை’ என்று முடிகிறது அத்தியாயம். இவ்வளவு கெட்டிக்காரியே மறுக்காதபோது நான் எம்மாத்திரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சகத்தில் வந்து உட்கார்ந்தவள்தான். பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க நூலகத்திலிருந்து முதல் பதிப்பு வந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. அதில் ‘மறக்கவில்லை’ என்றிருந்தது; தாளில் ‘மறுக்கவில்லை’. ஒரு சுழிதான் வித்தியாசம்.

“அக்கா, அந்தத் தாளைக் குடுத்தா மெஷினை ஓட்டிருவேன். அதுவும் என்னை மாதிரி கொட்டாவி விடுது” என்று உள்ளேயிருந்து மெஷின்காரர் கத்தினார்.

முதல் பதிப்பிலிருந்த பிழையை ஆசிரியரே பின்னால் திருத்தியிருக்கலாமே? அப்படித்தான் இருக்க வேண்டுமென்று மனசு கெஞ்சியது. அது கெஞ்சியதாலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கடைசி அத்தியாயத்துக்குப் புரட்டினாள். பதினோரு வருஷம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்பும் நாயகி, அப்பா அன்று சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் அவருக்கே திருப்பிச் சொல்கிறாள். பத்தொன்பது வயதில் அந்த இடம் அவளுக்குப் புரியவே இல்லை. இப்போது தாளில் அந்தச் சுழியை வட்டமிட்டாள்.

அண்ணன் வந்து நின்றார். “இன்னுமா? சாயங்காலம் வண்டி வருது.”

காட்டினாள்.

“மூணு பதிப்பா எவனுக்கும் உறுத்தாதது உனக்கு மட்டும் உறுத்துதா? நாலாம் பதிப்பைப் பாத்து அப்படியே அடிங்கன்னுதான் பதிப்பாளர் சொன்னாரு. கையெழுத்தப் போடும்மா.”

பேனா கையில்தான் இருந்தது. போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் அவள் சாய்ந்திருந்த வரியும் அப்படியே இருக்கும்.

“மாட்டேண்ணா.”

“ஒரு சுழிக்கா இவ்வளவு?”

“இந்தச் சுழியை நம்பித்தான் அன்னிக்கு நான் வாயத் திறக்கல.”

“என்னிக்கு?”

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை.

“‘பொட்டப்புள்ள படிச்சுக் கிழிச்சது போதும். பிரஸ்ல வந்து உக்காரு, எழுத்தாவது கூட்டத் தெரியுதான்னு பாப்போம்.’ கதவுல கைய வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க.”

மெஷின்காரர் மறுபடி குரல் கொடுத்தார். அண்ணன் போனை எடுத்துப் பதிப்பாளர் எண்ணை அழுத்தினார். அவளைப் பார்க்காமலே கேட்டார்:

“என்னன்னு சொல்லணும்?”

“மறக்கலைன்னு சொல்லுங்க.”