பார்க்கலாமுங்க

செய்தி வந்தபோது ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பம்புக் கம்பெனியின் பழைய ஆட்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், சென்னியப்பன் காலமானார் என்று ஒரே ஒரு வரி. படித்தேன். பின்பிரேக்கையும் பார்த்துவிடும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். அழுகை வரவில்லை; இன்னும் வரவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைக் கம்பெனியின் தலைமை அதிகாரியாகத்தான் அறிவீர்கள். எனக்கு அவர் டிசைன் பிரிவில் பக்கத்து மேசைக்காரர். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பம்பின் இரும்பு வார்ப்பைக் கொஞ்சம் மெலிதாக்கினால் விலையைக் குறைக்கலாமே என்று முதலாளி ஒருநாள் கேட்டார். நாங்களெல்லாம் தலையைச் சொறிந்தோம். சென்னியப்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஆகாதுங்க. ரெண்டாவது கோடைல வெடிச்சுப்போடும்," என்றார். மறு மாதமே முதலாளி அவரை விற்பனைக்கு மாற்றிவிட்டார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற ஆள், 'இது நல்ல பம்பு' என்றால் ஊர் நம்பும் என்பது முதலாளியின் எண்ணம்.

மனமில்லாமல்தான் போனார். முதல் சுற்று அவருடைய சொந்த ஊரான தாராபுரம் பக்கம். புதுப் பம்பைக் காட்டிய கடைகளில் எல்லாம் "பார்க்கலாமுங்க" என்றார்களாம். அத்தனை பேரும் எடுத்துக்கொள்வார்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பம்புகளைச் செய்யவும் வைத்துவிட்டார். ஒருவரும் வாங்கவில்லை. கிடங்கில் கால் வைக்க இடமில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்று அர்த்தம், முகம் கோணாமல் சொல்கிற வேண்டாம். தாராபுரத்துக்காரருக்கு இதுகூடவா தெரியாது என்று கேலி செய்தோம். "மத்த பேச்சுல தெரியுமுங்க. ஒரு பம்பைக் காட்டிக் கேக்கறப்ப பார்க்கலாம்னா, பார்ப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன்," என்றார்.

பிறகு கற்றுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். விற்பனையில் படிப்படியாக உயர்ந்து அவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின், ஓராண்டு உழைத்து வரைந்த ஒரு டிராயிங்கோடு அவர் அறைக்குப் போனேன். நெடுநேரம் புரட்டினார். டீ வரவழைத்தார். "பார்க்கலாமுங்க," என்றார். அதன்பின் அந்தப் பேச்சே இல்லை. நேராக ஓர் 'ஆகாதுங்க' சொல்லக்கூட நான் லாயக்கில்லையா என்று கோபம் வந்தது. நானும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அவரிடம் ஓர் அதிகாரியிடம் பேசுவதுபோலவே பேசினேன்.

போன மாதம் அவரே போன் செய்தார். வீட்டில் மறுபடி வரைய உட்கார்ந்திருக்கிறாராம். "கை மறந்துபோச்சுங்க. ஞாயித்துக்கெழம வந்து, தப்பை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க," என்றார். எனக்குப் பழைய கோபம். வேண்டுமென்றேதான் சொன்னேன், "பார்க்கலாமுங்க" என்று. செரிங்க என்று வைத்துவிட்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். நான் போகவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஞாயித்துக்கெழம காத்தாலயே டிராயிங்கை விரிச்சு வெச்சுட்டாருங்க. பார்க்கலாம்னு சொல்லியிருக்கறாரு, வந்துருவாருன்னு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாருங்க."

அப்படியானால் அன்று என் டிராயிங்கைப் பார்த்து அவர் சொன்னதற்கும் நிஜமாகவே பார்க்கலாம் என்றுதான் அர்த்தமா என்று இனி யாரிடம் கேட்பது? அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'ஆகாதுங்க' என்ற ஒரு சொல்லைத்தான். அந்த ஞாயிறு வர முடியாது என்றால், நான் அந்தச் சொல்லையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.