முயல்களிடம் மச்சானைப் பற்றிச் சொன்னது

முயலின் பின்புறத்தில் வெப்பமானியைச் செருகுவதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "குவாலிட்டி கண்ட்ரோல்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தில் மும்முரமாகிவிடுவேன். அதற்கு மேல் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லி அவர்கள் பாயசத்தையும் கெடுத்திருக்கிறேன்.

நான் குடியிருக்கும் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் மருந்துத் தொழிற்சாலை. ஊசி வழியாக ஏற்றும் மருந்து ஒவ்வொரு முறை தயாராகும்போதும் அதில் கொஞ்சம் எடுத்து முயலின் காது நரம்பில் ஏற்றிவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று மூன்று மணி நேரம் பார்க்க வேண்டும். வந்தால் மருந்து சரியில்லை. சிக்கல் என்னவென்றால், முயல் பயந்தாலும் அதன் உடம்பு சூடாகும். கதவு படீரென்று சாத்தினால் சூடு, யாராவது தும்மினால் சூடு. அன்றைய சோதனை வீண்.

ஒருநாள் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். முயல்களைப் பெட்டிக்குள் உட்காரவைத்துவிட்டு, என் பாட்டுக்கு மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி, சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். விடிவதற்கு முன்பே மோட்டாரை முறுக்கித் தெருவையே எழுப்பிவிட்டு எல்லைப் பாலம் தாண்டிப் போவார். மாலையில் திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு மின்விசிறி முதல் தெருமுனைக் கடை ரொட்டி சானாய் வரை எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான்: "சிங்கப்பூர்ல இப்படி இல்ல லா." இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் நான் புலம்ப, ஆறு முயல்களும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாகக் கேட்டன. சூடு ஏறவே இல்லை. அன்றிலிருந்து தினமும் புலம்பினேன். எங்கள் பிரிவில் சோதனை வீணாவதே நின்றுபோனது.

அப்போது நான் ஒப்பந்த ஊழியன். நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வரும் அம்மாள் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பாவி நான், உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில் காகிதத்தில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும், செய்வது அத்தனையும் காகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்று நிறுத்துங்கள், இல்லையென்றால் எழுதுங்கள், அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்றார். இரண்டு நாள் வாயைக் கட்டிப் பார்த்தேன். முயல்கள் கொதித்தன. வேறு வழியில்லாமல் என் மேலாளர் செய்முறைத் தாளில் ஒரு புதிய பத்தியைச் சேர்த்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சோதனைக்கு முன் பதினைந்து நிமிடம், பணியாளர் தம் மனைவியின் அண்ணனைப் பற்றிச் சீரான குரலில் குறைகூற வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது.' அதன் கீழே நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வாரமே மச்சான் வீட்டைக் காலி செய்தார்.

பாலத்து நெரிசல் தாங்கவில்லை, சிங்கப்பூரிலேயே ஒரு அறை கிடைத்துவிட்டது என்றார். நான் அவர் பையை மோட்டார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை முயல்களின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சரக்கு இல்லை என்று தெரிந்தது. பழைய கதைகள் நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோயின. மழையைத் திட்டினேன், சாலைக் குழிகளைத் திட்டினேன். குரலில் உப்பே இல்லை. முயல்கள் என்னை ஏறிட்டுப் பார்த்தன, சூடு ஏறியது, சோதனை வீணானது. அந்த வாரம் மட்டும் மூன்று முறை இதே கதி. தணிக்கை அம்மாள் வர எட்டு நாள் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டில் மின்விசிறி பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல ஆளில்லை. எனக்கு அவர் இல்லாமல் ஒரு மாதிரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரைஸ் குக்கரை எடுத்துப்போக மச்சான் வந்தார். நான் குக்கரைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செய்முறைத் தாளை வெளியே கொண்டுவரக் கூடாது. அந்தப் பத்தி மனப்பாடம் என்பதால் அப்படியே ஒப்பித்தேன். அடிக்க வருவார் என்று குக்கரைக் கொஞ்சம் உயர்த்தியும் வைத்திருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாப்ள."

சொன்னேன்.

"நெசமாவே கம்பெனி பேப்பர்ல போட்டிருக்காங்களா? என்னப் பத்தி?"

"நாலு கையெழுத்தோட மச்சான்."

"அலமாக்," என்று வியந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷமா அங்க வேல செய்றேன். ஒரு பேப்பர்லயும் என்னப் பத்தி ஒரு வரி எழுதுனதில்ல மாப்ள. நான் ஒரு நாள் போகலன்னா வேற ஒருத்தன் நிப்பான், அவ்வளவுதான். இங்க நான் இல்லாம மொயலுக்குக் காய்ச்ச வருதா?"

நான் தலையாட்டினேன். என் மனைவி உள்ளே போய்ப் பின்னறைக் கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள்.

தணிக்கை அம்மாள் வந்த அன்று ஆறு முயல்களும் தூங்காத குறை. அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடத்தையும் எண்ணினார். எனக்கு நேரம் போதவில்லை. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

மச்சான் இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும், "இன்னிக்கு என்னப் பத்தி என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறார். குறைவாகச் சொன்னதாகத் தெரிந்தால் முகம் வாடிவிடுகிறது. நேற்று நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவருடைய ஈரத்துண்டு என் சோபாவின் நடுவில், தலையணை மேல் விரித்துப் போட்டிருந்தது. துண்டைத் தூக்கிக்கொண்டு கோபமாகப் பின்னறைக்குப் போனேன்.

"நாளைக்கு உங்களுக்கு வேணும்ல மாப்ள," என்றார்.